சென்னைப் போக்குவரத்துத் திட்டங்களில் பொதுமக்கள் கருத்துச் சொல்வது எப்படி

சென்னைப் பெருநகரில் மேம்பாலமோ மெட்ரோ வழித்தடமோ பேருந்து நிலைய இடமாற்றமோ அறிவிக்கப்பட்டதும் ஆதரவும் எதிர்ப்பும் கிளம்பத் தவறுவதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, ஒப்பந்தப்புள்ளி இறுதியாகிச் சாலை நடுவே தகரத் தடுப்புகள் வந்த பிறகே எழுகிறது. அந்தக் கட்டத்தில் திட்டத்தின் வடிவத்தை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது வழக்கும் மனக்கசப்பும்தான். பேருந்திலும் ரயிலிலும் நாள்தோறும் பயணிப்பவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், சாலையோர வணிகர்கள் ஆகியோர் தங்கள் கருத்தை உரிய காலத்தில், உரிய அலுவலகத்தில், எளிதில் ஒதுக்க முடியாத ஆதாரத்தோடு முன்வைப்பதற்கான வழிமுறைகளை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் காலத்தைக் கணக்கிடுங்கள்

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தின் வரலாற்றை ஒரு முறை வரிசைப்படுத்திப் பார்த்தால், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். வெளியூர்ப் பேருந்துகளுக்காக 2002-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு நிலையம் சில ஆண்டுகளிலேயே நெரிசலில் திணறியதால், தென் மாவட்டப் பேருந்துகளுக்கு நகரின் தெற்கு எல்லையில் ஒரு நிலையம் என்ற திட்டம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, சுமார் 88 ஏக்கர் பரப்பில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டிய அந்த நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கத்திலேயே தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை ஓடிக்கொண்டிருந்தபோதும், திறப்பு நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே புதிய நிலையமும், சாலையைக் கடக்கும் நடைமேம்பாலமும் அதற்குப் பின்னரே உருப்பெற வேண்டியிருந்தன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரையிலான மெட்ரோ நீட்டிப்பு அறிக்கையாகவே இருந்தது. நள்ளிரவில் மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் இறங்கி, மாதவரத்துக்கோ திருவொற்றியூருக்கோ போக மாநகரப் பேருந்தைத் தேடியவர்கள்தான் இந்த வரிசைப் பிழையின் சுமையைத் தாங்கினார்கள்.

நிலையம் தேவையா என்ற வாதம் 2024 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்தது. அப்போது அதற்குப் பயனே இல்லை. அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில், ‘ரயில் நிலையம் செயல்படத் தொடங்கிய பிறகே பேருந்து நிலையம் திறக்கப்படும் என்ற நிபந்தனையைத் திட்ட ஒப்புதலிலேயே சேர்க்க வேண்டும்’ என்ற ஒரே ஒரு கோரிக்கை ஊன்றி முன்வைக்கப்பட்டிருந்தால் அதற்கு மதிப்பு இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, நீங்கள் அக்கறை கொள்ளும் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் முழுமைத் திட்டத்தில் தொடங்கி, நகரப் போக்குவரத்துக்கான விரிவான திட்டம், சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், நிலம் கையகப்படுத்துதல், ஒப்பந்தப்புள்ளி என்ற வரிசையில்தான் பெரும்பாலான திட்டங்கள் நகர்கின்றன. ‘இது வேண்டுமா, வேறு வழி உண்டா’ என்ற கேள்விக்குச் சாத்தியக்கூறு ஆய்வு வரைதான் இடம் உண்டு. நிலையம் எங்கே, நுழைவாயில் எந்தப் பக்கம், எத்தனை மின்தூக்கிகள் போன்றவற்றை விரிவான திட்ட அறிக்கை இறுதியாகும் வரை மாற்றலாம். ஒப்பந்தம் விட்ட பிறகு, பணிக்காலத்தில் மக்கள் படும் இடர்களைக் குறைப்பதைப் பற்றி மட்டுமே பயனுள்ள பேச்சு நடக்க முடியும்.

தாமதமான தகராறு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கூவத்தின் நீரோட்டம் தடைபடும் என்ற காரணத்தால் 2012-இல் பணி நிறுத்தப்பட்டது. பிறகு திட்டம் ஈரடுக்குச் சாலையாக மாற்றி வரையப்படும் வரை, அரைகுறைத் தூண்கள் கரையோரத்தில் நின்றுகொண்டிருந்தன. 2007-இல் வேளச்சேரியை எட்டிவிட்ட பறக்கும் ரயிலைப் பரங்கிமலைக்கு நீட்டிக்கும் ஐந்து கிலோமீட்டர் பணியோ, ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டுச் சிக்கலால் பத்தாண்டுக்கும் மேலாக முடங்கியது. இரண்டிலும் எழுப்பப்பட்ட ஆட்சேபங்கள் நியாயமற்றவை என்று சொல்ல முடியாது. அவை தூண் எழுவதற்கு முன்பே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டியவை.

முழுமைத் திட்டத்தைப் பொறுத்தவரை சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 26-ஆம் பிரிவின்படி, வரைவு வெளியிடப்பட்ட நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதங்கள் ஆட்சேபங்களுக்கும் ஆலோசனைகளுக்கும் அவகாசம் தரப்பட வேண்டும். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டது. மூன்றாம் திட்டம் 2046 வரையிலான இருபது ஆண்டுகளுக்கானது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டுவிட்டதால், இராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கும் இந்த விவாதத்தில் நேரடிப் பங்கு உண்டு. ஒரு மனை குடியிருப்புப் பகுதியா தொழிற்பகுதியா என்ற அளவோடு பலர் அந்த வரைபடத்தை மூடிவிடுகிறார்கள். எந்தச் சாலை எத்தனை அடிக்கு அகலப்படுத்தப்படும், எங்கே அடர்த்தியான கட்டடங்களுக்கு அனுமதி, அந்த இடத்துக்கு எந்தப் பேருந்தோ ரயிலோ வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் முதலில் வந்தன. மெட்ரோ வழித்தடம் இரண்டாம் கட்டத்தில்தான் சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சாலையில் பணிக்குப் போய் வந்தவர்கள் இழந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

ஒரு நிறுத்தம், ஆறு அலுவலகங்கள்

மனு தவறான அலுவலகத்துக்குப் போனால், ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு மாதங்கள் கரைந்துவிடும். ஒரு சாதாரணப் பேருந்து நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தடம், எத்தனை நடை என்பதை முடிவுசெய்வது மாநகரப் போக்குவரத்துக் கழகம். நிழற்குடையும் பெரும்பாலான தெருக்களின் நடைபாதையும் பெருநகர சென்னை மாநகராட்சியுடையவை. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகளில் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும். நடைபாதையை மறித்து நிற்கும் மின்பகிர்மானப் பெட்டி மின்வாரியத்துடையது. நிறுத்தத்தைச் சிக்னலிலிருந்து தள்ளி வைப்பதும் ‘யு’ திருப்பத்தை மூடுவதும் போக்குவரத்துக் காவல்துறையின் கருத்தைக் கேட்டே நடக்கும். எதிரே மெட்ரோ பணி நடந்தால், தடுப்புக்கு வெளியே நடப்பதற்கு எவ்வளவு இடம் விடுவது என்பது மெட்ரோ ரயில் நிறுவனத்தையும் அதன் ஒப்பந்ததாரரையும் சார்ந்தது.

இந்தச் சிதறலைச் சரிசெய்வதற்காகவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக கும்டா, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அது உயிர்பெற்று இயங்கத் தொடங்கவே பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. முதலமைச்சர் தலைமையில் இயங்கும் இந்தக் குழுமத்தில் துறைகள் அனைத்தும் ஒரே மேசைக்கு வருகின்றன. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகிய மூன்றில் இரண்டையேனும் தொடும் கோரிக்கை என்றால் கும்டாவுக்கு ஒரு பிரதி கட்டாயம் போக வேண்டும். ஒரே துறைக்குள் அடங்கும் சிக்கலுக்கு அந்தத் துறையின் மண்டல அலுவலகமோ பணிமனைக் கிளை மேலாளரோ போதும். மேலிடத்துக்கு எழுதுவதால் வேகம் கூடும் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை.

அறிக்கையில் எதைத் தேடுவது

விரிவான திட்ட அறிக்கை பல நூறு பக்கங்கள் இருக்கும். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. முதலில், மாற்று வழிகள் ஒப்பிடப்பட்ட அத்தியாயத்தைத் தேடுங்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய மெட்ரோ ரயில் கொள்கை, மெட்ரோவைத் தேர்ந்தெடுக்கும் முன் தனிப்பாதைப் பேருந்து, இலகு ரயில் போன்ற வழிகளோடு ஒப்பிட்டுக் காட்டுவதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஒப்பீடு பெயரளவில் இரண்டு பக்கங்களில் முடிந்திருந்தால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

இரண்டாவது, செலவைக் கிலோமீட்டருக்கு இறக்கிப் பாருங்கள். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி. தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலை 3.2 கிலோமீட்டர், 621 கோடி ரூபாய், கிலோமீட்டருக்கு 194 கோடி. இந்த எண்களை வைத்துக்கொண்டு ‘சாலைதான் மலிவு’ என்று முடிவுகட்டுவது அவசரம். எத்தனை வாகனங்கள் என்று கேட்பதை விட்டு, எத்தனை மனிதர்கள் என்று கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையின் அடிப்படையும் இதுவே. நிறுத்தங்கள் கீழே இருக்கும்போது, மேலே பறக்கும் சாலையால் மிச்சமாகும் நிமிடங்கள் இடையில் நிற்காமல் போகும் காருக்கும் இருசக்கர வாகனத்துக்குமே சேரும். பேருந்துப் பயணிக்குத் தூண்களின் நிழல் மட்டுமே கிடைக்கும். மேம்பாலத் திட்டம் எதுவானாலும், ‘பயண நேரச் சேமிப்பில் பேருந்துப் பயணிகளின் பங்கு எவ்வளவு’ என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கட்டி முடித்த பிறகு ஆண்டுதோறும் ஆகும் இயக்கச் செலவை யார் தருவார்கள் என்பது. அடிக்கல் விழாக்களில் யாரும் பேசாத இந்தப் பக்கம்தான் பத்தாண்டு கழித்துச் சேவையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

மெட்ரோ பணிகள் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இடம்பெறாததால், அவற்றுக்கு அந்த முறையிலான பொது விசாரணை நடப்பதில்லை. இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தரும் ஜப்பானிய நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி போன்றவை தங்கள் விதிகளின்படி சுற்றுச்சூழல், சமூகத் தாக்க அறிக்கைகளை வெளியிடுகின்றன. குறைதீர் ஏற்பாடும் வைத்திருக்கின்றன. எந்த மரம், எந்தக் கடை, எந்த வீடு பாதிக்கப்படும் என்ற விவரம் பல நேரங்களில் அவற்றில்தான் தெளிவாகக் கிடைக்கும்.

நீங்களே எடுக்கும் கணக்கு

இந்த வழிமுறைகளில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துறைகளிடம் நகரம் முழுமைக்குமான சராசரிகள் இருக்கும். உங்கள் நிறுத்தத்தின் காலை நேரக் காட்சி இருக்காது.

ஒரு வார நாள் காலை 8 முதல் 10 வரை, அதே நாள் மாலை இரண்டு மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என மூன்று வேளைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் பேருந்தைப் பார்க்க வேண்டும்: வந்த நேரம், தட எண், சாதாரணக் கட்டணமா சொகுசா, முழுத் தடமா, பாதி வழியிலேயே திரும்பும் ‘கட் சர்வீஸா’, நிறுத்தத்தில் நின்றதா, பத்தடி தள்ளி நடுச்சாலையில் நின்றதா. மற்றவர் மக்களைப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேரால் ஏற முடியவில்லை, எத்தனை பேர் வந்த பேருந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு நிற்கிறார்கள்.

கடைசிக் கேள்வி முக்கியமானது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சொகுசுப் பேருந்தில் உண்டு. காலை 8 முதல் 9 மணிக்குள் ஒரு தடத்தில் 12 பேருந்துகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. அவற்றில் வெள்ளை போர்டு, அதாவது சாதாரணக் கட்டணப் பேருந்து, நான்கு மட்டுமே, மூன்று 8.10-க்குள் அடுத்தடுத்து வந்துவிட்டன, நான்காவது 8.50-க்குத்தான் வருகிறது. வீட்டு வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்களுக்கு அந்தத் தடத்தில் 40 நிமிடம் பேருந்தே இல்லை என்று பொருள். சராசரியில் ஒருபோதும் தெரியாத இந்த இடைவெளி உங்கள் தாளில் பளிச்சென்று தெரியும்.

அதோடு ஓர் அளவு நாடாவையும் கொண்டுபோங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி நடைபாதையில் தடையின்றி நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நிலைய வாசலிலிருந்து நிறுத்தம் வரை நடந்து, மின்பெட்டியும் கடைப்படியும் மூடியில்லாத மழைநீர் வடிகாலும் அந்த அகலத்தை எங்கெங்கே குறைக்கின்றன என்பதைப் படத்துடனும் அளவுடனும் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்குவதாக மாநகராட்சி 2014-இல் ஏற்ற கொள்கையே சொல்கிறது. அதை மேற்கோள் காட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நகர அளவிலான வாதத்துக்கும் எளிய கணக்கு உதவும். ஒரு லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் என்பது மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் உயர்நிலை அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குட்பட்ட பெருநகரில் மட்டுமே 86.5 லட்சம் பேர் இருந்தார்கள். அதற்கே சுமார் 5,190 பேருந்துகள் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். மெட்ரோவுக்கு எத்தனை கோடி என்ற விவாதத்துக்கு இடையே இந்த எண்ணை ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்ட வேண்டும். ஏனென்றால் மெட்ரோ நிலையத்துக்குக் கூட்டிவரப் பேருந்துகள் இல்லாவிட்டால் அந்த முதலீட்டின் பலனும் குறையும். பறக்கும் ரயிலின் பிரம்மாண்டமான நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்ததற்கு இணைப்புப் பேருந்து இல்லாததும் ஒரு காரணம்.

கோரிக்கையை எழுதும் முறை

‘எங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி போதவில்லை’ என்று எழுதினால், ‘போதிய பேருந்துகள் இயக்கப்படுகின்றன’ என்று பதில் வரும். ‘இந்தத் தடத்தில் வார நாட்களில் காலை 8.10 முதல் 8.50 வரை சாதாரணக் கட்டணப் பேருந்து இல்லை, 8.05-க்கும் 8.08-க்கும் வரும் நடைகளில் ஒன்றை 8.30-க்கு மாற்றித் தருமாறு கோருகிறோம். கணக்கெடுப்புத் தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினால், மறுப்பதற்கும் அவர்கள் காரணம் சொல்லியாக வேண்டும். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். புதிய பேருந்து வாங்காமலேயே செய்யக்கூடிய கோரிக்கையை முதலில் வையுங்கள். அது நிறைவேறினால் அடுத்த மனுவை அலுவலர்கள் கவனத்தோடு படிப்பார்கள்.

ஆவணம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவுக்குப் பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்கும் மனுக்கள், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பப்படும். ‘இந்தத் திட்டத்தின் மாற்று வழி ஒப்பீட்டு அறிக்கையின் நகல்’, ‘இந்தத் தடத்தில் சென்ற மாதம் ரத்தான நடைகளின் பட்டியல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தெற்கு ரயில்வே தொடர்பான இரண்டாம் மேல்முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கு இணையாக, சென்னையின் 200 வார்டுகளிலும் கூட வேண்டிய பகுதி சபைக் கூட்டங்களுக்குப் போங்கள். அங்கே தீர்மானமாகப் பதிவாகும் கோரிக்கையை மாமன்ற உறுப்பினர் மன்றத்தில் எழுப்புவது எளிது.

அறையில் இல்லாதவர்கள்

கலந்தாய்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும்தான் இருக்கிறார்கள். கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டுப் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு, பழைய வேலைக்குத் தினமும் நகருக்குள் வந்து திரும்பும் பேருந்துதான் பிழைப்பு. கூட்டம் நடக்கும் பகல் பதினோரு மணிக்கு அவர்கள் வேலையில் இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். நீங்கள் எதிர்க்கும் நிறுத்தம் இன்னொருவரின் நடையைக் குறைப்பதாக இருக்கலாம் என்பதும் இந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர்கள் தாழ்தளப் பேருந்துக்காக நடத்திய போராட்டம் இங்கே பாடமாக இருக்கத் தக்கது. விலை அதிகம், சென்னையின் சாலைகளுக்கும் மழைநீருக்கும் தாங்காது என்ற வாதங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டன. அவர்கள் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும், தரைமட்டத்திலிருந்து பேருந்துத் தளத்தின் உயரம் பற்றிய தொழில்நுட்ப விவரங்களையும் கையில் எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் விடாமல் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் சாலைக்குத் திரும்பின. சக்கர நாற்காலிக்காரர்களுக்காகக் கேட்கப்பட்ட அந்தப் படியில் இன்று முதியவர்களும் கர்ப்பிணிகளும் ஏறி இறங்குகிறார்கள்.

பணி தொடங்கிய பிறகு

இந்தக் கட்டத்தில் கோரிக்கைகள் குறுகலாகவும் கறாராகவும் இருக்க வேண்டும். தடுப்புக்கு வெளியே தொடர்ச்சியான நடைபாதை, இரவு விளக்கு, தற்காலிக நிறுத்தம் எங்கே என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை, பள்ளி வாசலருகே சாலையைக் கடக்கும் இடம், கடைக்காரர்களுக்குச் சரக்கு இறக்க நேரம் ஆகியவற்றைத் தள எண்ணோடும் படத்தோடும் ஒப்பந்ததாரரின் தளப் பொறியாளருக்கும் திட்ட நிறுவனத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். தடுப்பு வைப்பதற்கு முன்பே அந்த இடத்தின் படங்களை எடுத்து வையுங்கள்: நிழற்குடை எங்கே இருந்தது, நடைபாதை எவ்வளவு அகலம், எத்தனை மரங்கள். பணி முடிந்து தகரம் அகற்றப்படும் வாரத்தில் அந்தப் படங்களோடு போய், நிறுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பியதா, நடைபாதை பழைய அகலத்தில் மீண்டும் போடப்பட்டதா என்று சரிபார்த்து, குறைந்திருந்தால் ஒப்பந்ததாரருக்குக் கடைசிப் பட்டியல் (பில்) தொகை விடுவிக்கப்படும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.